வாலில் பட்ட பச்சை

எங்கள் அச்சகத்தில் அவருக்குச் 'சுத்தம்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரும் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் பக்கத்தில் நிற்கிறவரைத்தான் திரும்பிப் பார்ப்பார். நான் அண்ணன் என்பேன். மெஷின்காரருக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். அதனால் மெஷின்காரர் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு 'பெரிய சுத்தம்' என்பார்.

அவருடைய வேலை இதுதான். புத்தகங்களுக்கு வரைந்த படங்கள் ஸ்கேன் ஆகி அவருடைய கம்ப்யூட்டருக்கு வரும். தாளில் ஒட்டிய தூசி, பிரஷ்ஷிலிருந்து உதிர்ந்த மயிர், ஓவியர் டீ குடித்த கோப்பையின் வளையம், யாரோ பதித்த கட்டைவிரல் ரேகை என்று எல்லாவற்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடித் தேடி எடுப்பார். அவர் எடுத்து முடித்த பிறகுதான் அச்சுக்கான பிளேட் போடுவோம், அதன் பிறகுதான் மெஷின். படத்தை எப்போதும் தலைகீழாகத் திருப்பிப் போட்டுத்தான் பார்ப்பார். நேராகப் பார்த்தால் மனசு கதைக்குள் போய்விடுமாம். "கதைய பாத்தா கறை தெரியாதும்மா" என்று எனக்கே பலமுறை பாடம் நடத்தியிருக்கிறார்.

இங்கே வருமுன் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் இருந்தார். அங்கே முகங்களைத் துடைப்பது வேலை. பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே கருப்பு, எதையும் விட்டுவைக்கமாட்டார். ஒருமுறை பாஸ்போர்ட்டுக்காகப் படம் எடுக்க வந்த ஒருவருக்குக் கன்னத்தில் மிளகு அளவு மச்சம். அண்ணன் அதையும் சேர்த்து எடுத்துவிட்டார். அந்த மனிதரோ படிவத்தில் அங்க அடையாளம் என்ற இடத்தில் அந்த மச்சத்தைத்தான் எழுதியிருந்தார். அலுவலகத்தில் படத்தைப் பார்த்தார்கள், ஆளைப் பார்த்தார்கள், மச்சம் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் நேரே ஸ்டுடியோவுக்கு வந்து குதியோ குதி என்று குதித்தாராம். இந்தக் கதையைச் சொல்லும்போது இன்றைக்கும் நியாயம் தன் பக்கம்தான் என்பார் அண்ணன். "படம் நல்லா வந்திருந்துச்சும்மா. அந்த ஆளு அவ்வளவு அழகா இருந்ததே இல்ல."

நான் அவருக்கு அடுத்த மேசை. பிழை திருத்துபவள். அவர் புள்ளியை அழிக்கிறவர், நான் எழுத்தில் விட்டுப்போன புள்ளியை வைக்கிறவள். என்னிடம் எழுத்து மட்டும் வெறும் தாளில் வரும், படம் வராது. அவரிடம் படம் மட்டும் போகும், எழுத்து போகாது. இது முதலாளி வகுத்த முறை. ஆளுக்கு ஒரு வேலை, அடுத்தவர் வேலையில் மூக்கை நுழைக்கக்கூடாது. குருடர்கள் யானையைத் தடவிய கதையாக இருக்கிறதே என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றியதில்லை. அதுவரை எந்த யானையும் கெட்டுப்போகவில்லை, அவ்வளவுதான்.

அண்ணன் வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். வாசலில் செருப்புகள் கோடு போட்டாற்போல நிற்கும். துண்டு மடித்திருந்தால் ஓரத்தோடு ஓரம் பொருந்தியிருக்கும். நாம் ஏதோ முக்கியமாகப் பேசிக்கொண்டிருப்போம், அவர் கையை நீட்டி நம் தோளில் கிடக்கும் நூலை எடுத்துக் கீழே போட்டுவிட்டு, "ம், சொல்லுங்க" என்பார். அண்ணி ஒரு பாலர் பள்ளியில் உதவியாளர். பிள்ளைகளுக்கு மூக்குத் துடைப்பது, பாட்டுச் சொல்வது, அழுகிறவர்களுக்குக் கரும்பலகையில் யானையோ குருவியோ போட்டுக் காட்டுவது. முழங்கைவரை சாக்பீஸ் தூளோடு வீட்டுக்கு வருவார். அண்ணன் ஈரத்துணியோடு வாசலிலேயே நிற்பார். "சரி, பரவாயில்ல" என்று அண்ணி கையை நீட்டுவார். எதற்கும் அவர் அதைத்தான் சொல்வார். நானாக இருந்தால் அந்த ஈரத்துணியை அண்ணன் தலையிலேயே போட்டிருப்பேன்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒரு சின்னப் பதிப்பகத்திலிருந்து குழந்தைகளுக்கான படப் புத்தகம் ஒன்று வந்தது. அந்தப் பதிப்பகத்தை ஓர் அம்மா தனியாளாக நடத்துகிறார். அட்டை பிறகு வரும், உள்பக்கங்களை முதலில் அடித்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தார். சனிக்கிழமை காலை நூலகத்தில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டப்போகிறார்கள், அதற்குள் புத்தகம் வேண்டுமாம்.

எழுத்து என்னிடம் வந்தது. மொத்தமே ஒரு தாள்தான். இது ஓர் ஆடு. எல்லா ஆடுகளையும் போல ஓர் ஆடு. எல்லா ஆடுகளையும் போலப் புல் தின்னும். எல்லா ஆடுகளையும் போல மழையில் நனையும். எல்லா ஆடுகளையும் போல ராத்திரி தூங்கும். இப்படியே போய், எல்லா ஆடுகளையும் போல இதற்கும் ஒரு தோழி உண்டு என்று முடிந்தது.

வாசித்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. எல்லா ஆடுகளையும் போல இருக்கிற ஆட்டுக்கு எதற்கு ஒரு புத்தகம்? மந்தையில் போய் ஒன்றைக் கையைக் காட்டிவிட்டு வந்தால் போதாதா? ஓரிடத்தில் ஒற்று விட்டுப்போயிருந்தது, வைத்தேன். "எழுதறவங்களுக்கு வேற வேலை இல்ல போல" என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

படங்கள் அண்ணனிடம் போயின. அவர் தலைகீழாகப் போட்டுப் பார்த்துக்கொண்டே சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "கோடு நல்லா இருக்கும்மா. பயப்படாம போட்ட கோடு. ஆனா அழுக்கு ஜாஸ்தி. பக்கத்துக்குப் பக்கம் புல்லுக்கு வெச்ச பச்சைய கொண்டுபோய் ஆட்டு வால்ல தேச்சிருக்காங்க. கொஞ்சம்கூட கவனம் இல்லாத கை."

"எல்லா பக்கத்துலயுமா?" என்று கேட்டேன்.

"எல்லா பக்கத்துலயும். பழக்க தோஷம்."

அண்ணன் கை வைக்குமுன், முந்தின நாளே மாதிரிப் பிரதி பதிப்பக அம்மாவுக்குப் போய், அவர் பார்த்துச் சம்மதம் சொல்லியிருந்தார். எங்காவது கறை தெரிந்தால் எடுத்துவிடுங்கள் என்று ஒரு வார்த்தையும் சேர்த்திருந்தார். அண்ணனுக்கு அது பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி ஆயிற்று. அன்று பகல் முழுவதும் உட்கார்ந்து ஒவ்வொரு வாலையும் வெளுத்தார். பென்சில் கோடு அப்படியே இருந்தது, உள்ளே பளிச்சென்று வெள்ளை. வேலை முடிந்ததும் சோம்பல் முறித்துக்கொண்டு, இனிமேல்தான் இது புத்தகம் மாதிரி இருக்கிறது என்றார். மெஷின் ஓடியது. தாள்கள் அடுக்கி வைக்கப்பட்டு அட்டைக்காகக் காத்திருந்தன.

புதன்கிழமை காலை அட்டை வந்தது. அட்டையில் எழுத்தும் படமும் ஒன்றாகவே இருக்கும் என்பதால் அதை மட்டும் நாங்கள் இரண்டு பேரும் ஒரே திரையில் பார்ப்போம். நாற்காலியை இழுத்துக்கொண்டு போனேன். அண்ணன் வழக்கம்போலத் தலைகீழாகத் திருப்பப் போனார்.

"அண்ணே, நான் படிக்க வேண்டாமா? நேரா வைங்க."

நேராக வைத்தார். ஓர் ஆடு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. படம் முழுவதையும் அதன் வால்தான் அடைத்திருந்தது. பச்சை வால். கறை இல்லை, தேய்ப்பு இல்லை, ஒவ்வொரு மயிரையும் ஆசையாக வரைந்து பச்சை பூசிய வால். மேலே, 'எல்லா ஆடுகளையும் போல' என்று தலைப்பு.

எனக்கு அப்போதுதான் கதை புரிந்தது. எழுத்து எல்லா ஆடுகளையும் போல, எல்லா ஆடுகளையும் போல என்று சொல்லிக்கொண்டே போகும். படத்தில் அதன் வால் பச்சையாக இருக்கும். படிக்கிற பிள்ளை, இல்லை, இல்லை, வாலைப் பார் என்று விரலை வைக்கும். எழுத்து அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், ஆமாம், எல்லா ஆடுகளையும் போலத்தான் என்று மறுபடியும் சொல்லும். எவ்வளவு நல்ல புத்தகம். அதைத்தான் நான் வேலையற்ற வேலை என்று சொன்னேன், அண்ணன் வெள்ளையடித்துவிட்டார். இரண்டு பேரும் சேர்ந்து, உண்மையிலேயே எல்லா ஆடுகளையும் போல ஓர் ஆட்டைப் பற்றிப் புத்தகம் போட்டிருக்கிறோம்.

அண்ணன் வாலைத்தான் பார்க்கிறார் என்று நினைத்தேன். அவர் பார்த்தது அதற்குக் கீழே, எழுதி வரைந்தவரின் பெயரை. அண்ணியின் பெயர். அதே பெயரில் ஊரில் எத்தனையோ பேர் இருப்பார்கள் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். பின்னட்டையின் மூலையில் தபால்தலை அளவில் ஒரு புகைப்படம் இருந்தது. முழங்கைவரை சாக்பீஸ் தூளோடு அண்ணி சிரித்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் எழுந்து மெஷின் கூடத்துக்குப் போனார். நானும் அட்டையின் மாதிரித் தாளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். அடுக்கிலிருந்து ஒரு தாளை உருவி, யாரும் சொல்லாமலே, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு படத்தை நேராகப் பிடித்துக்கொண்டு பார்த்தார். மேய்ச்சல் பக்கம் அது. நடுவில் நம் ஆடு புல் தின்றுகொண்டிருக்கிறது. சுற்றிலும் மந்தை முழுவதும் தின்பதை நிறுத்திவிட்டு அதையே வெறித்துப் பார்க்கிறது. ஏன் பார்க்கிறது என்பதற்குப் படத்தில் ஒரு காரணமும் இல்லை. அந்த வெள்ளை ஆடு பாவம், தான் என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டு நின்றது.

மெஷின்காரர் எட்டிப் பார்த்தார். என் கையில் இருந்த அட்டையையும் பார்த்தார். "சுத்தம்" என்றார். இந்தத் தடவை அது பெயர் இல்லை.

முதலாளி வந்தார். விஷயத்தைக் கேட்டார். இரண்டு நிமிஷம் மூக்கைத் தேய்த்தார். "வால் வெள்ளையா இருந்தா என்னய்யா? ஆடு ஆடுதானே? ஆட்டுக்கு வாலை அளந்துதான் வெச்சிருக்குன்னு பெரியவங்க சொன்னாங்க, கலர் அடிச்சு வெச்சிருக்குன்னா சொன்னாங்க? அட்டைல பச்சை இருக்குல்ல, அது போதும். மடிச்சு தெச்சு அனுப்பிடுவோம். நம்மளா சொன்னாத்தான் தெரியும்."

"எழுதினவங்களுக்குத் தெரியும்ல?" என்றேன்.

"எழுதினவங்கள நாம பாக்கவா போறோம்?"

"அவரு தினமும் பாப்பாரு" என்று அண்ணனைக் காட்டினேன். முதலாளி அட்டையை வாங்கிப் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, தன் அறைக்குப் போய்விட்டார். நல்லவர்தான். தப்பிக்க வழி இருக்கும்போது மட்டும் கொஞ்சம் அப்படி இப்படி.

அண்ணன் தாள் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார். அச்சடித்த தாள்மேல் உட்காரக்கூடாது என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற மனிதர்.

"போன் பண்ணி அண்ணிகிட்ட சொல்லுங்கண்ணே" என்றேன்.

"எப்படிம்மா சொல்லுவேன்?"

"வாயாலதான். திட்டுவாங்க. வாங்கிக்கோங்க. அழுதாங்கன்னா அழட்டும்."

"திட்டவும் மாட்டா, அழவும் மாட்டா. அதான் பயமா இருக்கு. சரி, பரவாயில்லன்னு சொல்லுவா. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அதைத்தான் சொல்றா. நானும் உண்மையிலேயே பரவாயில்ல போலன்னு இருந்துட்டேன்." கையில் இருந்த தாளின் மடங்கிய ஓரத்தை நீவினார். "இதுக்கும் அதையே சொல்லிட்டான்னா, அப்புறம் நான் அந்த வீட்ல எப்படிம்மா உக்காந்து சாப்பிடுறது?"

நான் அவரை எத்தனையோ வருஷமாகக் கிண்டல் செய்திருக்கிறேன். அன்று எனக்கு ஒரு கிண்டலும் வரவில்லை. போனை எடுத்து அவர் கையில் வைத்தேன். அவர் அண்ணியிடம் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சம் அச்சகத்துக்கு வர முடியுமா என்று மட்டும் கேட்டார்.

பிள்ளைகள் மதியம் வீட்டுக்குப் போன பிறகு அண்ணி வந்தார். வெயிலில் நடந்து வந்ததில் முகம் சிவந்திருந்தது. புத்தகம் போட்ட விஷயம் தெரிந்துவிட்டது என்று அவருக்கு வரும்போதே புரிந்திருக்க வேண்டும். குட்டு வெளிப்பட்ட சிறுமிபோல ஓர் அசட்டுச் சிரிப்போடு, "அட்டைய பாத்துட்டீங்களா?" என்றார்.

அண்ணன் மழுப்பவில்லை. மேய்ச்சல் பக்கத்தை எடுத்து மேசைமேல் விரித்தார். "வாலை நான் அழிச்சுட்டேன். எல்லா பக்கத்துலயும். பச்சை பட்டுடுச்சுன்னு நெனச்சேன்."

அண்ணி தாளைப் பார்த்தார். அடுத்த தாளை எடுத்தார், அதையும் பார்த்தார். மழைப் பக்கம், தூங்கும் பக்கம், ஒரு குட்டி ஆடு பக்கத்தில் வந்து உட்காரும் கடைசிப் பக்கம். மெஷின்காரர் கையைத் துடைப்பதுபோல ஒரே விரலைத் துடைத்துக்கொண்டு நின்றார். சரி, பரவாயில்ல என்று வரப்போகிறது, வரப்போகிறது என்று எல்லோரும் காத்திருந்தோம்.

"உங்களுக்குக் கண்ணு எங்க இருந்துச்சு?" என்றார் அண்ணி.

அண்ணன் நிமிர்ந்தார்.

"இல்ல, கேக்குறேன். ஒரு பக்கத்துல பட்டுச்சுன்னா பட்டுச்சு. எல்லா பக்கத்துலயும் சரியா வால்ல மட்டும் வந்து படுமா? கல்யாணமான புதுசுல ஜன்னல் கண்ணாடியில ஆவி படிஞ்சிருந்தப்ப ஒரு சேவல் போட்டேன். தொடைச்சீங்க. அடுப்புக்குப் பின்னாடி சுவத்துல குருவி போட்டேன். அதையும் தொடைச்சீங்க. தண்ணி டிரம் மூடியில பூனை மூஞ்சி போட்டு வெச்சிருந்தேன். அதைத் தேச்சுக் கழுவிட்டு, எவ்வளவு பளிச்சுன்னு இருக்கு பாருன்னு எங்கிட்டயே காட்டுனீங்க. பரவாயில்ல, பரவாயில்லன்னு போய்ட்டேன். ஸ்கூல்ல வரைஞ்சா பிள்ளைங்க தொடைக்காம பாத்துக்குதுங்க, அதனால அங்கயே வரைஞ்சேன். அதையும் தேடி வந்து அழிச்சிருக்கீங்க. இதுக்கு நான் பரவாயில்லன்னு சொல்லமாட்டேன். பரவாயில்லன்னு விடற விஷயம் இல்ல இது. நாலு வருஷமா வரைஞ்ச ஆடு."

குரல் உயரவில்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லும் மெஷின் சத்தத்தைத் தாண்டிக் கேட்டது. முதலாளி அறைக் கதவு கொஞ்சம் திறந்து, மறுபடி மூடிக்கொண்டது.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று அண்ணன் கேட்டார்.

"சொன்னா திருத்துவீங்க."

"ஆமா" என்றார் அண்ணன். "திருத்தியிருப்பேன்." பிறகு, "இன்னும் ஏதாவது இருந்தா சொல்லு. எல்லாத்தையும் சொல்லிடு" என்றார். நீங்கள் நம்பமாட்டீர்கள், அந்த முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நாள்பட வலித்த பல்லைப் பிடுங்கி எறிந்தவர் மாதிரி இருந்தார். திட்டு வாங்கி இப்படிப் பூரித்துப்போன ஆளை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அண்ணிக்கும் மூச்சு இறங்கியது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டு தண்ணீர் கேட்டார். ஒரு சொம்பு முழுவதையும் குடித்தார்.

அதன் பிறகுதான் அண்ணனுக்கு மூளை வேலை செய்தது. வால் வெள்ளையாகத்தானே இருக்கிறது, அதன்மேல் பச்சையை மட்டும் ஏற்றினால் என்ன? அண்ணி வரைந்த மூலப்படங்கள் ஸ்கேனில் அப்படியே இருந்தன. அதிலிருந்து வால்களை மட்டும் பிரித்துப் பச்சைக்குத் தனியாக ஒரு பிளேட் செய்து, அச்சான தாள்களையே மறுபடியும் மெஷினில் விடலாம். பதிப்பக அம்மாவுக்குப் போன் போட்டு நடந்ததை ஒளிக்காமல் சொன்னோம். எத்தனை தாள் அடித்தாகிவிட்டது என்று முதலில் கேட்டார். பிறகு, எழுதினவர் அங்கேதானே இருக்கிறார், அவர் என்ன சொல்கிறாரோ அதுதான் என்றார்.

"செய்யுங்க" என்றார் அண்ணி.

மெஷின்காரர் மட்டும் தலையைச் சொறிந்தார். "ஒரு விஷயம் சொல்லிடறேங்க. காஞ்ச தாளு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி இழுத்திருக்கும். ஒண்ணு விரியும், ஒண்ணு சுருங்கும். மறுபடி விட்டா பச்சை கோட்டுக்குள்ள உக்காராது. ஒண்ணுல மேல போகும், ஒண்ணுல தள்ளிப் போகும். அப்புறம் பெரியவரு பூதக்கண்ணாடிய வெச்சுக்கிட்டு எங்கிட்ட சண்டைக்கு வரக்கூடாது." இத்தனை வருஷமும் அவர்கள் இருவருக்கும் நடந்த சண்டை எல்லாம் இந்த மயிரிழை விலகலுக்குத்தான்.

பிளேட் ஏறியது. பச்சை மையை ஊற்றினார்கள். முதல் சில தாள்கள் வெளியே வந்ததும் மெஷினை நிறுத்தி ஒன்றை உருவி மேசைமேல் வைத்தார் மெஷின்காரர். அண்ணன் தன் பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். பச்சை, கோட்டை விட்டு மேலே ஏறிப்போய் நின்றது. அடுத்த தாளில் பக்கவாட்டில் தள்ளியிருந்தது. மூன்றாவதில் கிட்டத்தட்டச் சரி, ஆனால் சரி இல்லை. அண்ணனின் கழுத்து நரம்பு புடைத்தது. வேறு எந்த வேலையாக இருந்தாலும் இந்நேரம் தாளைக் கிழித்து எறிந்திருப்பார்.

மெஷின்காரர் பொத்தானில் கை வைத்தபடி நின்றார். அண்ணி கையைக் கட்டிக்கொண்டு, "நீங்களே சொல்லுங்க" என்றார். அவர் விட்டுக்கொடுக்கவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை.

அண்ணன் பூதக்கண்ணாடியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். தாளைக் கையில் தூக்கிக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு பார்த்தார். பென்சில் கோட்டு வால் ஓரிடத்தில், பச்சை அதற்கு மேலே ஓரிடத்தில். அடுத்த தாளையும் தூக்கிப் பார்த்தார். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"ஆட்டுது" என்றார்.

"என்னது?" என்றார் மெஷின்காரர்.

"வாலை ஆட்டுற மாதிரி இருக்குய்யா. இதுல மேல ஆட்டுது. இதுல இந்தப் பக்கம் ஆட்டுது." அண்ணியிடம் தாள்களை நீட்டினார். "பாரு. ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு மாதிரி ஆட்டுது. உனக்கு சரியா?"

அண்ணி வாங்கிப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார், அப்படியும் சிரிப்பு வந்துவிட்டது. "நான் வரைஞ்சப்பகூட இப்படி ஆடல" என்றார். "எனக்கு சரி. உங்களுக்கு?"

"ஓடட்டும்" என்று மெஷின்காரரிடம் சொன்னார் அண்ணன். மெஷின்காரர் ஒருமுறை அவரை உற்றுப் பார்த்தார், காதில் சரியாகத்தான் விழுந்ததா என்பதுபோல. பிறகு பொத்தானை அழுத்தினார். அன்று சாயங்காலம்வரை வால்கள் வந்துகொண்டே இருந்தன. அண்ணனும் அண்ணியும் மெஷின் வாயருகே பக்கத்தில் பக்கத்தில் நின்று, இது ரொம்ப ஓவர், இது குறும்பு, இது தூக்கக் கலக்கம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முதலாளி எல்லோருக்கும் டீ வரவழைத்தார். அவருக்கும் மனசு இளகியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை நூலகத்துக்கு நானும் போனேன். குழந்தைகள் பகுதியில் நாற்காலியை எல்லாம் ஒதுக்கிவிட்டுத் தரையில் பாய் விரித்திருந்தார்கள். வந்த பிள்ளைகளுக்கெல்லாம் கையில் ஒரு புத்தகம். அண்ணி ஒரு முக்காலியில் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினார். எல்லா ஆடுகளையும் போல ஓர் ஆடு என்றதுமே, "இல்ல" என்று ஒரு குரல். அடுத்த பக்கத்தில் பத்துக் குரல். அண்ணி காது கேட்காதவர்போல வாசித்துக்கொண்டே போனார். பிள்ளைகள் இல்லை, இல்லை என்று கத்தி, உருண்டு, சிரித்தார்கள். நடுவில் ஒருத்தன் பக்கத்துப் பையனின் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "உன் ஆடு வேற மாதிரி ஆட்டுது" என்றான். அவ்வளவுதான், எல்லோரும் புத்தகங்களைத் தரையில் பரப்பி ஒப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். தன் வாலை மாற்றிக்கொள்ள ஒருத்தரும் சம்மதிக்கவில்லை. அவரவர் ஆடு அவரவருக்கு உசத்தி.

அண்ணன் சுவரோரமாக, புத்தக அலமாரிக்கும் கதவுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தார். அலமாரியில் சாய்ந்திருந்த புத்தகங்களை அவர் கை தானாக நேராக்கிக்கொண்டிருந்தது. அதை யார் தடுக்க முடியும்?

முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி கையைத் தூக்கினாள். முன்பல் இல்லை. "இந்தப் படமெல்லாம் நீங்களா வரைஞ்சீங்க?"

"ஆடு, புல்லு, மேகம் எல்லாம் நான்" என்றார் அண்ணி. "வாலுக்கு மட்டும் கலர் குடுத்தது அதோ நிக்கிறாரே, எங்க வீட்டுக்காரர், அவரு."

எல்லாத் தலையும் திரும்பியது. அண்ணன் சும்மா தலையாட்டிவிட்டு இருந்திருக்கலாம். அவரால் முடியவில்லை. "இல்ல பாப்பா. முதல்ல இவங்கதான் வரைஞ்சாங்க. நான் அழிச்சுட்டேன். அப்புறம்தான் திரும்ப போட்டேன்" என்றார்.

"ஏன் அழிச்சீங்க?"

"அழுக்குன்னு நெனச்சேன்."

அந்தச் சிறுமி புத்தகத்தைக் கண்ணருகே கொண்டுபோய் நன்றாகப் பார்த்தாள். எழுந்து, மற்ற பிள்ளைகளின் கால்களை எல்லாம் தாண்டி அவரிடம் போனாள். அவர் குனியும்வரை சட்டையைப் பிடித்து இழுத்தாள். பக்கத்தைத் திறந்து விரலை வைத்துக் காட்டினாள். கோபமாக இல்லை, தெரியாதவருக்குச் சொல்கிற குரலில்தான் சொன்னாள்.

"அழுக்கு இல்ல. இது அதோட வாலு."

"ஆமா" என்றார் அண்ணன். தானும் அதே இடத்தில் விரலை வைத்து, "அதோட வாலுதான்" என்றார்.

அவள் அங்கேயே அவர் காலடியில் உட்கார்ந்துகொண்டாள். அண்ணி எங்கள் பக்கம் பார்த்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.